உமியும் தவிடும் ஒண்ணா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: பொண்ணு நாலாவது படிக்கிறா சார். விவசாய வார்த்தைகள்னு இருபது குடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்லிருக்காங்க. நாற்று, நடவு, பதர், உமி, தவிடுன்னு கடகடன்னு ஒப்பிக்கிறா, ஆனா உமிக்கும் தவிட்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா முழிக்கிறா. உண்மையச் சொன்னா எனக்கும் தெரியல.

பதில்: அந்த லிஸ்ட்ட கொஞ்சம் மூடி வைங்கம்மா. ஒரு கைப்பிடி நெல்லு கிடைச்சா போதும். டம்ளர் தண்ணில போடுங்க, மேல மிதக்குறதுல பெரும்பாலும் உள்ள ஒண்ணும் இருக்காது, அதான் பதர், களத்துல நெல்லைத் தூத்தும்போது காத்து அடிச்சிட்டுப் போறதும் இதைத்தான். அடியில தங்கினதுல ஒண்ணைத் துடைச்சு நகத்தால உரிக்கச் சொல்லுங்க, சொரசொரன்னு கையில வர்ற தோடு உமி. உள்ள இருக்கிற அரிசி வெள்ளையா இருக்காது, லேசா பழுப்பா ஒரு மெல்லிசு தோல் ஒட்டிட்டு இருக்கும், மில்லுல தீட்டும்போது அது பொடியா உதிரும் பாருங்க, அதுதான் தவிடு. மாட்டுக்கு வைக்கிறது தவிடு, எரிக்கிறதுக்குப் போறது உமி. இதை ஒரு தடவை தன் நகத்தால உரிச்ச பிள்ளை அப்புறம் மாத்திச் சொல்லாது.

மத்ததையும் இதே மாதிரி வரிசையா கதையா சொல்லுங்க. விதையை நெருக்கமா வளக்கிற இடம் நாற்றங்கால், அங்க மூணு நாலு வாரம் வளந்த குட்டிப் பயிர் நாற்று, அதைப் பிடுங்கி வயல்ல இடைவெளி விட்டு ஊனுற வேலை நடவு. களைன்னு தனியா ஒரு செடி கிடையாது, பயிரோட தண்ணிக்கும் சத்துக்கும் பங்குக்கு வர்ற எதுவும் களைதான்.

கேள்வி: தழைச்சத்து, மணிச்சத்து சரி, அதென்ன சாம்பல்சத்து? சாம்பல்ல என்ன சத்து இருக்கு? (ஏழாம் வகுப்பு மாணவன்)

பதில்: நல்லா கேட்ட தம்பி! மூணு சத்துக்கும் பேரு சும்மா வைக்கல. தழைன்னா இலை, அதைப் பச்சையா வச்சிருக்கிற நைட்ரஜன் தழைச்சத்து, அது குறைஞ்சா அடி இலைதான் முதல்ல மஞ்சளாகும். மணின்னா தானியம், அதுக்கும் வேருக்கும் உதவுற பாஸ்பரஸ் மணிச்சத்து. சாம்பல்சத்து பொட்டாசியம், மரம் எரிச்ச சாம்பல்ல நிஜமாவே அது இருக்கு. அந்தக் காலத்துல சாம்பலைத் தண்ணில கரைச்சு வடிச்சு பானைல காய்ச்சி எடுத்ததுதான் பொட்டாஷ், அந்தப் பேருக்கே பானைச் சாம்பல்னுதான் அர்த்தம், 1807ல ஹம்ப்ரி டேவிங்கிற விஞ்ஞானி அந்தப் பொட்டாஷ்லேர்ந்து பிரிச்செடுத்த உலோகத்துக்குத்தான் பொட்டாசியம்னு பேரு வச்சாரு. தமிழ்ப் பேரும் இங்கிலீஷ் பேரும் ஒரே அடுப்புலேர்ந்து வந்ததுதான்!

கேள்வி: "கரும்பு இலை"ன்னு எழுதினேன், மிஸ் சுழிச்சிட்டாங்க. தப்பா?

பதில்: கரும்புக்கும் சோளத்துக்கும் தோகை, தென்னைக்கும் பனைக்கும் ஓலை, வேம்புக்கும் மாமரத்துக்கும்தான் இலை. தமிழ் பேப்பர்னா மிஸ் சுழிச்சது சரி. சயின்ஸ் பேப்பர்னா மார்க் கேட்டுப் பாரு, அங்க எல்லாமே இலைதான்.