மழை சீசன் கேள்வி பதில்: மேன்ஹோல், தண்ணி பில், குரங்கு, பின்பக்க மண்சரிவு

வணக்கம். நம்ம தென்னாப்பிரிக்கா டர்பன்ல மழை ஆரம்பிச்சாலே நம்மாளுங்களுக்கு வீட்டுப் பிரச்சனையும் ஆரம்பிச்சுரும். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், ரெசர்வாயர் ஹில்ஸ்னு நாலா பக்கமிருந்தும் கேட்டிருக்கீங்க. நான் பிளம்பிங் வேலை பாக்கறவன், அதனால தண்ணி சாக்கடை சமாச்சாரம் கொஞ்சம் விலாவாரியா வரும். மத்ததெல்லாம் இதே தெருவுல குடியிருக்கறவனா தெரிஞ்சதை சொல்றேன்.

கேள்வி (பேவியூ, ஒரு அக்கா): தம்பி, பெரிய மழை பேஞ்சா எங்க வீட்டு பின்னாடி மேன்ஹோல் மூடியையே தூக்கிக்கிட்டு சாக்கடை பொங்குது. மழை விட்டா தானா வடிஞ்சுருது. முனிசிபாலிட்டி ஆளுங்க வந்து ராடு விட்டு பாத்துட்டு அடைப்பே இல்லைன்னுட்டு போயிட்டாங்க. பேரப்புள்ளைங்க விளையாடற இடம்பா அது.

அக்கா, அவங்க சொன்னது சரிதான், அடைப்பு இல்லை. மழையில மட்டும் பொங்குதுன்னா யாரோ மழைத்தண்ணிய சாக்கடை லைனுக்குள்ள விட்டுக்கிட்டு இருக்காங்கன்னு அர்த்தம். இந்த ஊர்ல ரெண்டும் தனித்தனி லைன், கக்கூஸ் கிச்சன் தண்ணி ஒரு பைப்ல, மழைத்தண்ணி ரோட்டோர வடிகால்ல. சாக்கடை பைப்பு வீட்டுல புழங்குற தண்ணிக்கு மட்டும் கணக்கு பண்ணி போட்டது, கூரைத் தண்ணி அதுல கொள்ளாது. கணக்கு பாருங்க, 100 சதுர மீட்டர் கூரை, 50 மில்லிமீட்டர் மழைன்னா 5000 லிட்டர். ஒரே ஒரு வீட்டுல. 2022 ஏப்ரல் வெள்ளத்துல சில இடத்துல ஒரே நாள்ல 300 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, அப்போ அதே கூரையில இருந்து 30,000 லிட்டர் இறங்கியிருக்கும்.

எப்படி உள்ள போகுதுன்னா, கிச்சனுக்கு வெளிய தரையில கம்பி போட்ட ஒரு குழி இருக்கும்ல, சிங்க் தண்ணி வந்து விழற கல்லி, கூரையில இருந்து வர்ற டவுன்பைப்ப பக்கத்துல இருக்குதேன்னு அதுக்குள்ள சொருகிருவாங்க. இல்லைன்னா முற்றம் முழுக்க சிமென்ட் போட்டு சரிவ அந்தக் குழி பக்கமா குடுத்துருவாங்க. வேணும்னு யாரும் செய்யறதில்லை, ஆனா கட்டட சட்டப்படி இது கூடவே கூடாது.

முதல்ல உங்க வீட்டை பாருங்க அக்கா. ஒரு பக்கெட் தண்ணியில கேசரி பவுடர் நல்லா கரைச்சு டவுன்பைப்புல மேல இருந்து ஊத்த சொல்லுங்க, நீங்க மேன்ஹோல் மூடிய பெரியவங்க யாரையாவது வச்சு திறந்து தள்ளி நின்னு பாருங்க, பக்கத்துல குனிய வேணாம், உள்ள கேஸ் இருக்கும். ஆரஞ்சு கலர் தண்ணி வந்துச்சுன்னா உங்க வீட்டுதே போகுது. ஒரு எல்போவும் ஒரு துண்டு பைப்பும் போட்டு ரோட்டு பக்கமா திருப்பி விட்டா தீந்துச்சு, இல்லை ஒரு ஜோஜோ டேங்க், அதான் பெரிய பிளாஸ்டிக் தண்ணித் தொட்டி, வச்சு பிடிச்சுக்கலாம். உங்க வீடு சரியா இருந்தா மேட்டுல இருக்கற வீடுங்கள்ல போய் கேளுங்க. சாட்ஸ்வர்த் முழுக்க சரிவு, மேல இருக்கறவங்க விட்டது கீழ இருக்கறவங்க வாசல்லதான் வந்து பொங்கும், மேல இருக்கறவங்களுக்கு அது தெரியறதே இல்லை. கம்ப்ளெயின்ட் குடுக்கறதுக்கு முன்னாடி அவங்களை ஒரு மழைநாள்ல கூட்டிட்டு வந்து உங்க முற்றத்தை காட்டுங்க. நான் பாத்தவரைக்கும் கண்ணால பாத்தவங்க மறுநாளே மாத்தியிருக்காங்க.

பொங்கின இடத்துல ஜிக் (ப்ளீச்) கலந்த தண்ணி ஊத்தி கழுவி, வெயில்ல நல்லா காஞ்சப்புறம் புள்ளைங்களை விடுங்க.

கேள்வி (மூர்ட்டன்): அதே மாதிரி எங்களுக்கும் பொங்குது அங்கிள், ஆனா மழையே இல்லாதப்போ.

அப்போ உங்களுது அடைப்பு. கல்யாணம், காரியம், பூஜைன்னு சமைச்ச எண்ணெய சிங்க்ல ஊத்தறதுதான் பாதி காரணம், சூடா ஓடிப்போய் பைப்புல ஆறி வெள்ளையா மெழுகு கணக்கா ஒட்டிக்கும். வெட் வைப்ஸ், நாப்கின், தலைமுடி எல்லாம் அதுல போய் மாட்டும். எண்ணெய ஆற வச்சு பாட்டில்ல ஊத்தி குப்பையில போடுங்க. ராடு விட சொல்லி முனிசிபாலிட்டிக்கு சொல்லுங்க, மெயின் லைன்னா அவங்க வேலை, உங்க வீட்டு கனெக்ஷன்னா உங்க செலவு.

கேள்வி (ஃபீனிக்ஸ், புதுசா வந்த தம்பி): அண்ணே, நாங்க ரெண்டே பேர், தண்ணி பில் திடீர்னு மூணு மடங்கு வந்துருக்கு. மீட்டர் தப்பா ஓடுதா?

மீட்டர் தப்பா ஓடறது அபூர்வம் தம்பி. ராத்திரி படுக்கும்போது எல்லா டேப்பையும் மூடிட்டு மீட்டரை ஒரு போட்டோ எடு, காலையில யாரும் டாய்லெட் போறதுக்கு முன்னாடி இன்னொரு போட்டோ எடு. கறுப்பு நம்பர் கிலோலிட்டர், சிவப்பு நம்பர் லிட்டர். சிவப்பு நகந்திருந்தா லீக். முதல் சந்தேகம் டாய்லெட் சிஸ்டர்ன், அதான் ஃப்ளஷ் தண்ணித் தொட்டி, அதுலயும் கேசரி பவுடர் போட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம விடு, கீழ கலர் இறங்குச்சுன்னா உள்ள இருக்கற ரப்பர் போயிருச்சு, சின்ன செலவுதான். அதுவும் இல்லைன்னா வீட்டுக்கு உள்ள வர்ற வால்வை மூடிட்டு மீட்டரை பாரு, அப்பவும் சுத்துச்சுன்னா மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவுல மண்ணுக்குள்ள போயிருக்கு, புல்லு ஒரு இடத்துல மட்டும் பச்சை பசேல்னு இருக்கும் பாரு, அங்க தோண்டு. மீட்டர் வரைக்கும் முனிசிபாலிட்டி பொறுப்பு, மீட்டரைத் தாண்டினா வீட்டுக்காரர் பொறுப்பு. வாடகை வீடுன்னா ஓனருக்கு இந்த போட்டோ ரெண்டையும் அனுப்பு, வாய்ல சொல்றதை விட வேகமா வேலை நடக்கும்.

கேள்வி (டோங்காட், ஒரு அம்மா): தண்ணி நின்னு நின்னு வருது. வந்தா செம்மண் கலர்ல வருது. சேத்து வச்ச தண்ணிய குடிக்கலாமா?

உங்க ஊர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும்மா. 2022 வெள்ளத்துல டோங்காட் தண்ணி சுத்திகரிப்பு நிலையம் அடி வாங்கி மாசக்கணக்குல டேங்கர் வண்டி பின்னாடி பக்கெட்டோட நின்னீங்க, 2024 ஜூன்ல டொர்னாடோ சுழல்காத்தும் வந்துச்சு. அதனால நீங்க சேத்து வைக்கறதை யாரும் குறை சொல்ல முடியாது.

தண்ணி திரும்ப வந்ததும் முதல்ல வெளிய இருக்கற தோட்டத்து டேப்பை திறந்து விடுங்க, மெதுவா. காத்தும் மண்ணும் அதுல போகட்டும். தெளிஞ்சப்புறம்தான் உள்ள சுடுதண்ணி டேப்ப தொடணும், இல்லைன்னா அந்த சேறு முழுக்க கீசருக்குள்ள போய் உக்காந்துரும். வெள்ளைத் துணி அன்னைக்கு ஊற வைக்காதீங்க. தண்ணி நின்னதும் டிபி போர்டுல (வீட்டு கரண்ட் சுவிட்ச் பெட்டி) கீசர் சுவிட்சை அணைச்சு வைக்கறதும் நல்ல பழக்கம்.

குடிக்கறதுக்கு கொதிக்க வச்சு ஆத்தினா போதும். கொதிக்க வைக்க கரண்ட் இல்லைன்னா, 25 லிட்டர் ட்ரம்முக்கு வாசனை சேக்காத சாதா ஜிக் ஒரு டீஸ்பூன், கலக்கி ரெண்டு மணி நேரம் மூடி வைங்க. கலங்கலா இருந்தா முன்னாடியே துணியில வடிகட்டிருங்க. ட்ரம் மூடி இறுக்கமா இருக்கணும், குழந்தை இருக்கற வீடுன்னா இதை ரெண்டு தடவை சொல்றதா நெனச்சுக்கோங்க.

கேள்வி (சில்வர்க்ளென்): குரங்கு தொல்லை தாங்கல மாமா. ஜன்னல் கம்பி வழியா கைய விட்டு பழம், பிரெட் எல்லாம் எடுத்துருது. பக்கத்து வீட்டு அண்ணன் பெல்லட் கன் வச்சு சுடறார். எங்களையும் வாங்க சொல்றார்.

வாங்காதீங்க. அவர்கிட்டயும் நான் சொன்னேன்னே சொல்லுங்க. வீடுங்க இருக்கற இடத்துல ஏர்கன்ல சுடறது குற்றம், மிருகத்தை துன்புறுத்தறது 1962ஆம் வருஷ சட்டப்படி தனிக் குற்றம். சட்டத்தை விடுங்க, அந்த குண்டு ஒரேயடியா கொல்லாது, உள்ளயே தங்கி சீழ் வச்சு நாள்கணக்குல துடிச்சு சாகும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் குட்டி போடற காலம், தாய் வயித்த கட்டிக்கிட்டு குட்டி தொங்கும், தாய சுட்டா அதுவும் போச்சு. நம்ம ஊர்ல அனுமாரை கும்பிட்டு வளந்தவங்க இதை செய்யறதை பாக்க மனசு வலிக்குது.

இந்த சாம்பல் உடம்பு கறுப்பு மூஞ்சி வெர்வெட் குரங்குங்க கூட்டமா ஒரே வழியிலதான் தினமும் போகும். நீங்க இருக்கறது சில்வர்க்ளென் ரிசர்வ் பக்கம், அதுங்க பாதையிலதான் நம்ம வீடுங்க. உங்க வீட்டுல ஒன்னும் கிடைக்கலைன்னா நிக்காம போயிரும். பழக்கூடைய ஜன்னல்ல இருந்து தெரியாத இடத்துல வைங்க, கம்பி இடைவெளிக்கு வெல்டட் மெஷ் அடிங்க, வாசல்ல சாமிக்கு படைச்ச வாழைப்பழம் தேங்காய கற்பூரம் காட்டினதும் உள்ள எடுத்துருங்க, குப்பைப் பைய முந்தின ராத்திரி வெளிய வைக்காதீங்க. உள்ள வந்துருச்சுன்னா கத்தாதீங்க, கதவை முழுசா திறந்து விட்டு நீங்க வழியில நிக்காம தள்ளிப்போங்க. மூலையில மடக்கினாதான் கடிக்கும். ஹோஸ் பைப்புல தண்ணி பீச்சினா போதும், அதுக்கு மேல ஒன்னும் தேவையில்லை. பாவம் பாத்து யாராவது பிரெட் போடறாங்கன்னா அவங்ககிட்டயும் பேசுங்க, தெருவுல ஒரு வீடு போட்டாலும் மத்த எல்லா வீட்டுக்கும் வரும்.

கேள்வி (கிராஸ்மூர்): தெரு நாய் பையன் கால்ல லேசா கடிச்சுருச்சு, ரத்தம் அவ்வளவா இல்லை, மஞ்சள் வச்சிருக்கோம். போதுமா?

போதாது. இதை படிச்ச உடனே எந்திரிங்க. ஓடற தண்ணியில சோப்பு போட்டு முழுசா 15 நிமிஷம் கழுவுங்க, கடிகாரத்தை பாத்து, மஞ்சளையும் கழுவிருங்க. அப்படியே கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிட்டு போங்க. நம்ம குவாசூலு நட்டால் மாகாணத்துல வெறிநாய்க்கடி இன்னும் இருக்கு, அறிகுறி வந்துருச்சுன்னா காப்பாத்தறது கிட்டத்தட்ட முடியாத காரியம், அறிகுறிக்கு முன்னாடி ஊசி போட்டா பயமில்லை. சின்ன கீறலா இருந்தாலும் போகணும், சொன்ன தேதிக்கெல்லாம் போய் எல்லா ஊசியும் முடிக்கணும். நாய் வளக்கறவங்க எல்லாரும் கவனிங்க, 3 மாசம் தாண்டின நாய் பூனைக்கு ரேபிஸ் ஊசி இங்க சட்டப்படி கட்டாயம்.

கேள்வி (ரெசர்வாயர் ஹில்ஸ்): பச்சைப் பாம்பு ஒன்னு கேரேஜ்ல. கொடிய விஷமுள்ள மாம்பான்னு வாட்ச்மேன் சொல்றார்.

டர்பன் வீடுங்கள்ல வர்ற பச்சைப் பாம்பு பெரும்பாலும் உடம்புல கறுப்பு புள்ளி இருக்கற புஷ் ஸ்னேக், விஷமில்லை, பல்லி தவளை பிடிக்க வரும். ஆனா உங்க ஏரியாவுல கறுப்பு மாம்பாவும் உண்டு, அதனால எதுவா இருந்தாலும் கிட்ட போய் பாக்காதீங்க, அடிக்கவும் வேணாம், கடி வாங்கறவங்கள்ல நிறைய பேர் அடிக்கப் போனவங்கதான். தூரமா நின்னு போட்டோ எடுங்க, கதவடியில துணி சொருகி அடைங்க. ஆப்பிரிக்கன் ஸ்னேக்பைட் இன்ஸ்டிடியூட்டோட இலவச ஆப்ல பாம்பு பிடிக்கறவங்க லிஸ்ட் ஏரியா வாரியா இருக்கு, இப்பவே போன்ல போட்டு வைங்க.

கேள்வி (ஷால்கிராஸ்): பக்கத்து வீட்டு மாமரக் கிளை எங்க கூரை மேல வந்து கட்டர் (கூரையோர மழைத்தண்ணி வாய்க்கால்) முழுக்க இலை. வெட்டலாமா?

முதல்ல கேளுங்க. கேட்டும் அவங்க வெட்டலைன்னா எல்லைக்கோடு வரைக்கும் நீங்க வெட்டிக்கலாம், அதைத் தாண்டி அவங்க பக்கம் கை வைக்கக் கூடாது. மாங்காய் சீசன் முடிஞ்சப்புறம் வெட்டலாம்னு பேசி வச்சா ரெண்டு வீட்டுக்கும் ஊறுகாய் மிஞ்சும்.

கேள்வி (வெஸ்ட்கிளிஃப்): எத்தனை தடவை கம்ப்ளெயின்ட் பண்ணாலும் யாரும் வர மாட்டேங்கறாங்க அண்ணே, சலிச்சுப் போச்சு.

சலிப்பு நியாயம்தான். ஆனா ரெஃபரன்ஸ் நம்பர் வாங்காத கம்ப்ளெயின்ட் கம்ப்ளெயின்ட்டே இல்லை. நம்பர், தேதி, நேரம், பேசினவங்க பேரு, போட்டோ எல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க. ஒரே லீக்குக்கு தெருவுல அஞ்சு வீடும் தனித்தனியா சொல்லி தனித்தனி நம்பர் வாங்குங்க. ஒரு வாரம் போச்சுன்னா அத்தனை நம்பரையும் ஒரே மெசேஜ்ல வார்டு கவுன்சிலருக்கு அனுப்புங்க, அவருக்கு மேல கேக்கறதுக்கு கையில ஒரு ஆதாரம் வேணும், அதை நாமதான் குடுக்கணும். ஜூலு பேசற வீடுங்களையும் சேத்துக்கோங்க. அவங்க வாசல்லயும் அதே சாக்கடைதான் ஓடுது, பல தெருவுல நம்மாளுங்க தனியா அவங்க தனியா கம்ப்ளெயின்ட் குடுத்துக்கிட்டு இருக்காங்க, அதுல ரெண்டு பேருக்கும் நஷ்டம்.

கேள்வி (வெல்பெடாக்ட் பக்கம், ஒரு தம்பி): அண்ணே, வீட்டுக்கு பின்னாடி மண்மேடு, கீழ தடுப்புச் சுவர். ரெண்டு நாளா விடாத மழை. சுவர் நடுவுல லேசா வயிறு தள்ளின மாதிரி இருக்கு, மேல மண்ணுல நீளமா ஒரு வெடிப்பு. அம்மா அந்தப் பக்க ரூம்லதான் படுக்கறாங்க. மழை விட்டதும் பூசிறலாமா?

தம்பி, பூசறது பத்தி இப்போ பேச வேணாம். சுவர் வயிறு தள்ளுது, மேல நீள வெடிப்பு, இந்த ரெண்டும் சேந்து வந்தா மண் நகர ஆரம்பிச்சுருச்சுன்னு எடுத்துக்கணும். சுவருக்குப் பின்னாடி தண்ணி நின்னு கனம் ஏறியிருக்கு. சுவர்ல கீழ சின்ன சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க தண்ணி கசிய, அது மண்ணு அடைச்சிருக்கும், ஆனா இப்போ அதை நோண்டப் போகாதே, சுவருக்குக் கீழ நிக்கவே கூடாது. 2022ல 400க்கும் மேல செத்தாங்களே, அதுல ராத்திரி மேடு சரிஞ்சு வீட்டோட மூடிப்போன குடும்பங்கள் இருக்கு.

இன்னைக்கு சாயங்காலமே அம்மாவை கூட்டிக்கிட்டு சொந்தக்காரங்க வீட்டுக்கோ கோயில் ஹாலுக்கோ போயிரு. மாத்திரை, ஐடி புக், போன் சார்ஜர் எடுத்துக்கோ, கிளம்பறப்போ மெயின் சுவிட்சை அணைச்சுரு. முனிசிபாலிட்டி எமர்ஜென்சிக்கு போன் பண்ணி சொல்லு, மேட்டுக்கு மேல இருக்கற வீட்டுக்காரங்களுக்கும் கட்டாயம் சொல்லு, அவங்க கூரைத் தண்ணி அந்த மேட்டுலதான் விழுதான்னு கேளு, விழுந்தா உடனே ஹோஸ் மாட்டி வேற பக்கம் திருப்பச் சொல்லு. மழை நின்னாலும் ரெண்டு மூணு நாளைக்கு மண் கனமாதான் இருக்கும், வெயில் அடிக்குதேன்னு திரும்பி வந்துராதே. ஒரு சிவில் எஞ்சினியர் வந்து பாத்து சொல்ற வரைக்கும் அந்த ரூம்ல யாரும் படுக்க வேணாம். போய் சேந்ததும் எனக்கு ஒரு மெசேஜ் போடு.