மூட்டுகள்: கேட்டதும் பதிலும்

கேள்வி: மூட்டு வகைகளை எதை வைத்துப் பிரிப்பது சார்? தேர்வுக்குப் படிக்கையில் குழம்புகிறது.

பதில்: இரண்டு எலும்புக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நார்த்திசு இருந்தால் நார் மூட்டு: மண்டையோட்டுத் தையல்கள், தாடைக்குழியில் பல். இடைவெளியின்றிக் குருத்தெலும்பே இணைத்தால் குருத்தெலும்பு மூட்டு: முதுகெலும்பு வட்டுகள். திரவமுள்ள இடைவெளியும் சுற்றி உறையும் இருந்தால் சைனோவியல் மூட்டு. நார் மூட்டு எதுவுமே அசையாது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே இரண்டு காலெலும்புகளையும் பிணைக்கும் நார் மூட்டு லேசாக நெகிழும்.

கேள்வி: முழங்கால் வலி என்றாலே ‘கிரீஸ் தீர்ந்துபோச்சு’ என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. நல்ல முழங்காலிலேயே திரவம் சுமார் 4 மி.லி.க்குள்தான். தேய்மானத்தில் அது பெரும்பாலும் கூடி நீர் கோத்துக்கொள்ளும். குறைவது அதன் வழவழப்பு. தேய்வது எலும்பு முனையை மூடிய குருத்தெலும்பு. அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. பாரம் ஏறி இறங்கும்போது திரவம் உள்ளே போய் வருவதுதான் அதற்குச் சாப்பாடு. வலிக்கிறதே என்று மாதக்கணக்கில் காலை அசைக்காமல் வைத்தால் குருத்தெலும்பும் நலியும், தொடைத் தசையும் இளைக்கும்.

கேள்வி: தோளும் இடுப்பும் பந்துக் கிண்ண மூட்டுதானே? என் தம்பிக்குத் தோள் மட்டும் திரும்பத் திரும்ப நழுவுகிறது.

பதில்: கிண்ணத்தின் ஆழம்தான் காரணம். இடுப்பில் தொடையெலும்பின் தலை பாதிக்குமேல் உள்ளே உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் தடித்த தசைநார் (எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார்ப்பட்டை) காவல். தோளில் ஒரு நேரத்தில் பந்தின் மூன்றில் ஒரு பங்குகூடக் கிண்ணத்தைத் தொடுவதில்லை. கை எல்லாப் பக்கமும் சுழல்வதற்கு உடல் கொடுக்கும் விலை இது. கையை உயர்த்தி வெளிப்பக்கமாகத் திருப்பியிருக்கும்போது அடிபட்டால் பந்து முன்பக்கம் நழுவும். அப்போது கிண்ணத்தின் விளிம்பு வளையமும் கிழியும். அது சரியாக ஒட்டாவிட்டால் அடுத்த முறை சின்ன இழுப்பே போதும். இளவயதில் முதலில் நழுவியவர்களுக்கு மறுபடி நழுவும் வாய்ப்பு அதிகம். எலும்பு மருத்துவரிடம் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.

இனி நழுவினால் யாரும் இழுத்துப் போட வேண்டாம். எலும்பு முறிந்திருக்கலாம், நரம்பு நசுங்கலாம். கை இருக்கிறபடியே துணியால் தாங்கிக்கொண்டு எக்ஸ்ரே எடுக்கப் போங்கள். மேற்கையின் வெளிப்பக்கம் மரத்திருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: சொடக்கு எடுத்தால் மூட்டுவாதம் வருமா?

பதில்: அதற்குச் சான்றில்லை. மூட்டை இழுக்கையில் உள்ளே அழுத்தம் குறைந்து வாயுக்குமிழ் உண்டாகும் சத்தம் அது. வலியோ வீக்கமோ சேர்ந்து வந்தால் காட்டுங்கள்.

கேள்வி: விளையாடும்போது முழங்கால் முறுக்கிக்கொண்டது. வீங்கியிருக்கிறது. காத்திருக்கலாமா?

பதில்: எப்போது வீங்கியது? ஓரிரு மணி நேரத்துக்குள் என்றால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். முழங்காலுக்குள் தொடையெலும்பையும் காலெலும்பையும் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார் அறுந்திருக்கும் சந்தேகம் வரும். மறுநாள் மெல்ல வீங்கினால் சவ்வுத்தட்டு (இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பு) கிழிந்திருக்கலாம். காலை முழுதாக நீட்ட முடியவில்லை, ஊன்ற முடியவில்லை என்றால் இன்றே போங்கள். அடிபடாமலேயே மூட்டு சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்றாக இருக்கலாம்; ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.