முன்பாரமா, பின்பாரமா? கேரவன் கேள்வி பதில்

தக்கலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். படகு ட்ரெய்லர், ஜெனரேட்டர் ட்ரெய்லர் என்று இருந்த தொழிலில் இப்போது காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் கேரவன்களும் வந்து சேர்ந்திருக்கின்றன. சனிக்கிழமை குடும்பத்தோடு சிரித்துக்கொண்டு புறப்பட்டவர்கள் திங்கட்கிழமை காலையில் என் வாசலில் நிற்கிறார்கள். அதனால்தான் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வாடகை எவ்வளவு, எந்த நிறுவனம் நல்லது என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அது என் வேலை இல்லை.

கேள்வி (நாகர்கோவில்): அண்ணாச்சி, முட்டத்தில் நிறுத்திக் காரிலிருந்து கழற்றியதும் கேரவன் தானாக நகர்ந்து தென்னையில் முட்டி நின்றது. கைபிரேக் போட்டிருந்தோமே?

பதில்: எந்தக் கைபிரேக்? கார் கைபிரேக்காகத்தான் இருக்கும். கொக்கி மாட்டியிருக்கும்வரை காரின் பிரேக் இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தது. கொக்கியைக் கழற்றிய கணமே கேரவனைப் பிடிக்க ஆள் இல்லை. முதலில் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. அடுத்து கேரவனின் சொந்தக் கைபிரேக். பிறகு முன்பக்கச் சிறு சக்கரத்தை இறக்குங்கள். கடைசியில்தான் கொக்கி. ஆப்பு வடிவில் அறுத்த கட்டையாக இருக்க வேண்டும். வழியில் பொறுக்கிய கல் உருளும். நான்கு மூலையிலும் இறக்கும் கால்கள் உள்ளே நடக்கும்போது ஆடாமல் இருக்கத்தானே தவிர, வண்டியைப் பிடித்து நிறுத்த அல்ல. இன்னொன்று: நகரத் தொடங்கிய வண்டியைக் கையால் பிடிக்கப் போகாதீர்கள். தென்னை தாங்கும், உங்கள் கால் தாங்காது.

கேள்வி (மார்த்தாண்டம்): பிள்ளைகள் கேரவனுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டே வரலாமா?

பதில்: கூடாது. வண்டி ஓடும்போது கேரவனுக்குள் யாரும் இருக்கக் கூடாது. அங்கே சீட் பெல்ட் கிடையாது, என்ன நடக்கிறது என்று ஓட்டுநருக்கும் தெரியாது.

கேள்வி (குலசேகரம்): ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் பக்கம் போகும்போது கேரவன் வாலை ஆட்ட ஆரம்பித்தது. காரே இழுபட்டது. வீட்டுக்காரியும் அம்மாவும் அலறிவிட்டார்கள். காற்றுதான் காரணமா?

பதில்: காற்று தொடங்கி வைத்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கணவாய் வழியாகப் பிய்த்துக்கொண்டு வருவதால்தான் அங்கே அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் அதே காற்றில் ஆடாமல் போகும் கேரவன்களும் இருக்கின்றன. பின்பக்கம் என்ன ஏற்றியிருந்தீர்கள்?

குலசேகரம்: தண்ணீர் டிரம் மட்டும்தான். 60 லிட்டர். முன்னால் வைத்தால் காரின் பின்பக்கம் அமுங்குகிறது, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கிறது. பின்னால் வைத்தால் கொக்கியில் தூக்கி மாட்டுவதும் எளிது. எங்கள் தோட்டத்து ட்ரெய்லரில் எப்போதும் அப்படித்தான் ஏற்றுவோம்.

பதில்: தோட்டத்துக்குள் டிராக்டர் போகிற வேகத்தில் எதை எங்கே ஏற்றினாலும் ஓடும். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடாது. மாட்டு வண்டி ஓட்டிய தாத்தா இருந்தால் கேளுங்கள். பின்பாரம் கூடினால் மாட்டைப் பூட்டும் முன்தண்டான ஏர்க்கால் மேலே தூக்கும், கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். இங்கே மாட்டுக்குப் பதில் உங்கள் காரின் பின்சக்கரம். கொக்கி மேலே தூக்கினால் அந்தச் சக்கரத்துக்குச் சாலையில் பிடி குறையும், கேரவனின் வால் தன் இஷ்டத்துக்கு ஆடும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கேரவன் 750 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு, 75 கிலோ, கொக்கியின் மேல் அழுத்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. (அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்பார்கள், ஐரோப்பாவில் அதைவிடக் குறைவு. உங்கள் கொக்கி எவ்வளவு தாங்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும். அதைத் தாண்டக் கூடாது.) இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் அச்சிலிருந்து கொக்கி 3 மீட்டர் முன்னால் இருக்கிறது. நீங்கள் 60 கிலோ தண்ணீரை அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் வைக்கிறீர்கள். அறுபதை இரண்டால் பெருக்கி மூன்றால் வகுத்தால் நாற்பது. கொக்கியில் இருந்த 75 கிலோ 35 ஆகிவிட்டது. வண்டியின் எடையோ 810 ஆகிவிட்டது. ஐந்து சதவீதம்கூட இல்லை. தூக்கி மாட்ட எளிதாக இருந்தது என்கிறீர்களே, அதுதான் நோய்.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, கட்டை வைத்து, கொக்கி மாட்டும் முனைக்கு அடியில் எடை பார்க்கும் மிஷினை வைத்து, இடையில் ஒரு மரத்துண்டை நிறுத்துங்கள். வீட்டில் ஆள் எடை பார்க்கும் மிஷினே போதும்.

கேள்வி (குளச்சல்): குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும் அண்ணாச்சி. எங்கள் ஃபைபர் படகில் எஞ்சின் முழுக்கப் பின்னால்தான் தொங்குகிறது. ட்ரெய்லரில் ஏற்றித் தேங்காய்ப்பட்டணம் வரை இழுத்திருக்கிறோம், ஆடியதே இல்லை. பின்பாரம் கெடுதல் என்றால் இது எப்படி?

பதில்: நல்ல கேள்வி. ட்ரெய்லரின் அச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் பாரம் தெரிந்துதான் படகு ட்ரெய்லரில் அச்சைப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறோம். அதனால் மொத்தப் பாரம் அச்சுக்கு முன்னால்தான் விழுகிறது. கேரவனின் அச்சு நடுப்பக்கம் இருக்கும். பொருள் வண்டியின் வாலில் இருக்கிறதா என்பதல்ல, அச்சுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

குலசேகரம்: அப்படியானால் பின்னால் டிரம்மும் முன்னால் அதற்கு ஈடாக அரிசி மூட்டையும் வைத்தால் சரியாகிவிடும் அல்லவா?

பதில்: கொக்கியின் கணக்கு சரியாகும். ஆட்டத்தின் கணக்கு சரியாகாது. இரு முனையிலும் பாரம் இருக்கும் வண்டி ஒருமுறை ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கனமானவை எல்லாம் அச்சுக்கு மேலே, அதிலும் சற்று முன்னால், தரையோடு தரையாக இருக்கட்டும். மேல் அலமாரியில் துணியும் தலையணையும் போதும்.

கேள்வி (தக்கலை, ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்): தம்பி சொன்னது சரி. வேகத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு வேகம் வரை ஆட்டம் தானாக அடங்கும், அதைத் தாண்டினால் தானாக வளரும்.

பதில்: சார் சொல்லிவிட்டார், நான் எதற்கு? ஆடத் தொடங்கினால் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பித் திருப்பிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். வேகத்தைக் கூட்டினால் நேராகிவிடும் என்று யாராவது சொன்னால் அவரை இறக்கிவிட்டுப் போங்கள்.

குலசேகரம்: இருந்தாலும் ஹெட்லைட் மேலே பார்க்கிறதே?

பதில்: அப்படியானால் உங்கள் காருக்கு அந்தக் கேரவன் அதிகம், அல்லது முன்பாரம் வரம்பைத் தாண்டிவிட்டது. எடை பார்த்துவிட்டு எழுதுங்கள். பாராமல் எழுதினால் பதில் சொல்ல மாட்டேன்.

கேள்வி (இரணியல்): பிள்ளைகளைக் கேரவனுக்குள் உட்கார வைத்து...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கூடாது.

கேள்வி (கருங்கல்): பேச்சிப்பாறைப் பக்கம் மழை. வெளியே சமைக்க முடியவில்லை. கரி அடுப்பை உள்ளே வைத்து மீன் சுட்டோம். எல்லோருக்கும் தலைவலி வந்துவிட்டது. புகைதானே காரணம், அண்ணே?

பதில்: புகை இல்லை தங்கச்சி, கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. மழைக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியிருப்பீர்கள். தலைவலியோடு தப்பித்தீர்கள், தூங்கியிருந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். கரி அடுப்பு, விறகு, சாம்பிராணிச் சட்டி எதுவும் உள்ளே கூடாது. தணல் அணைந்தது போல் இருந்தாலும் கூடாது. மழை என்றால் கடையில் பரோட்டா வாங்கிச் சாப்பிடுங்கள்.

கேஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதற்காகத்தான் கேரவனின் தரையில் ஓட்டை விட்டிருக்கிறார்கள். எறும்பு வருகிறது, மணல் வருகிறது என்று அதில் துணி அடைத்துக்கொண்டு வருகிற வண்டிகளை நான் பட்டறையில் பார்க்கிறேன். வேண்டுமானால் கம்பிவலை போடுங்கள், அடைக்காதீர்கள். சிலிண்டர் நிமிர்ந்து, கட்டப்பட்டு இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் இணைப்பில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள், தீக்குச்சி உரசிப் பார்க்காதீர்கள். மணம் வந்துவிட்டால் ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடாமல் எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி (திருவட்டாறு): சொத்தவிளையில் மணலில் சக்கரம் புதைந்துவிட்டது. அடுத்த முறை எப்படி வெளியே எடுப்பது?

பதில்: அடுத்த முறை மணலுக்குள் போகாமல் இருப்பது. புதைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் புதையும். மணலைத் தோண்டி, சக்கரத்துக்கு முன்னால் பலகை போட்டு, கார் டயரில் காற்றைக் குறைத்து, மெதுவாக இழுங்கள். சாலைக்கு வந்ததும் முதல் வேலை காற்றை நிரப்புவது.

ஆனால் எனக்குப் புதைவதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. கள்ளக்கடல். எங்கோ தென்கோடிப் பெருங்கடலில் எழுந்த அலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் கரையேறும். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்கோயிஸ் முன்னெச்சரிக்கை விடுகிறது, பாருங்கள். கரையில் மீனவர்கள் வள்ளத்தை மேலே இழுத்துப் போடுகிறார்கள் என்றால் நீங்களும் கேரவனை எடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மாத்தூர் தொட்டிப் பாலம், திற்பரப்பு, பத்மநாபபுரம் அரண்மனை மூன்றையும் கேரவனோடு பார்க்கலாமா? ஞாயிறு, திங்கள் விடுமுறை.

பதில்: அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, ஞாயிறே போங்கள். மற்ற இடங்களுக்குக் கேரவனைத் தங்கும் இடத்தில் விட்டுவிட்டுக் காரில் போங்கள். கழற்றும்போது கட்டை.

கேள்வி (களியக்காவிளை): கேரவனோடு திற்பரப்பு போகலாமா?

பதில்: மேலே உள்ளதைப் படியுங்கள்.

கேள்வி (பூதப்பாண்டி): காளிகேசத்தில் இரவு தங்க அனுமதி உண்டா?

பதில்: வனத்துறையிடம் கேளுங்கள்.

கேள்வி (புதுக்கடை): ட்ரெய்லருக்குத் தனியாகப் பதிவு எண் வேண்டுமா?

பதில்: வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம், 1988 ட்ரெய்லரையும் மோட்டார் வாகனம் என்றே சொல்கிறது. மற்றதெல்லாம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்.

கேள்வி (மணவாளக்குறிச்சி): கடற்கரையில் இரண்டு நாள் நின்றபிறகு கேரவனின் பின்விளக்கு எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் எல்லாம் சேர்ந்து மினுக்குகிறது.

பதில்: எர்த் போயிருக்கிறது. உப்புக் காற்றில் பிளக்கின் பின்களும் எர்த் ஒயர் சட்டத்தில் சேரும் போல்ட்டும் பச்சை பிடிக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து, வாசலைன் தடவி, இறுக்குங்கள். கடற்கரை போய் வந்தால் வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். மேலே மெழுகு போட்டுப் பளபளக்க வைத்து அடியில் துருவை வளர்க்கிறவர்கள் மறுபடி என்னிடம்தான் வருவார்கள், எனக்கு நஷ்டமில்லை.

கேள்வி (அருமனை): ரிவர்ஸ் எடுத்தால் எப்போதும் எதிர்ப்பக்கம் போகிறது. உறவுக்காரர் வீட்டு மதிலை இடித்துவிட்டேன்.

பதில்: ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடியுங்கள். கேரவனின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். கொஞ்சமாகத் திருப்பி, மெதுவாக. மடங்கத் தொடங்கினால் முன்னால் எடுத்து நேராக்கி மறுபடி தொடங்குங்கள். பின்னால் ஒரே ஒருவர் நின்று கை காட்டட்டும். மாமா ஒரு பக்கமும் மச்சான் ஒரு பக்கமும் கத்தினால் மதில்தான் போகும்.

குலசேகரம்: அண்ணாச்சி, எடை பார்த்துவிட்டேன். டிரம் இருந்தால் 30, இறக்கினால் 70. அடுத்து பேச்சிப்பாறை அணைக்குப் போகிறோம். ஆனால் டிரம்மை எங்கேதான் வைப்பது? காரின் டிக்கியிலா?

பதில்: டிக்கியில் வைத்தால் ஹெட்லைட் மறுபடி வானத்தைப் பார்க்கும், மறுபடி எனக்கு எழுதுவீர்கள். காலி டிரம்மைக் கொண்டுபோய்த் தங்கும் இடத்தில் நிரப்புங்கள். பேச்சிப்பாறைக்குப் போகிறவர் குலசேகரத்திலிருந்து தண்ணீர் சுமப்பானேன்?