தோட்டப்புறப் பட்டணத்துக்கு இலவசப் பேருந்து: எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது?

கேள்வி இதுதான்: “எங்கள் பட்டணத்தைச் சுற்றி ஐந்தாறு தோட்டங்கள். கிளினிக்குக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் போக ஒழுங்கான பேருந்து இல்லை. இலவசப் பேருந்து கேட்டு மனு கொடுத்தால் நடக்குமா?”

நடக்கும். ஆனால் மனுவின் முதல் வரியில் ‘மணிக்கு ஒரு பேருந்து, வாரத்தில் ஏழு நாளும்’ என்று இருக்கட்டும். ‘இலவசம்’ இரண்டாவது வரி. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், குவாலா சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களை மனத்தில் வைத்துச் சொல்கிறேன். வேறு மாநிலமென்றால் அலுவலகம் மாறும், கணக்கு மாறாது.

கட்டணத்தை எடுத்துவிட்டால் மட்டும் பேருந்து நிறைந்துவிடாது. எஸ்தோனியாவின் தாலின் நகரம் 2013-ல் அங்கே பதிவு செய்து குடியிருப்பவர்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. கார் பயணம் கொஞ்சம்தான் குறைந்தது. அதுவரை நடந்து போனவர்களே நிறையப் பேர் ஏறினார்கள். பிரான்சின் டன்கர்க் 2018-ல் இலவசமாக்கியபோது கூடவே தடங்களைத் திருத்தி, முக்கியத் தடங்களில் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட்டது. அங்கே கூட்டம் நன்றாகவே கூடியது. நம் தோட்டத்து மக்களுக்கும் இதே நிலைதான். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தைவிட, ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வருமோ என்ற பயம்தான் அவர்களை மோட்டார் சைக்கிளுக்குத் துரத்துகிறது.

எத்தனை பேருந்து வேண்டும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக் கொடுங்கள். தடம் ஒரு பக்கம் 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நின்று நின்று போனால் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர், அதாவது 50 நிமிடம். இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் நிற்க வேண்டும். போய்த் திரும்ப 120 நிமிடம். மணிக்கு ஒன்று வேண்டுமானால் 2 பேருந்து, அரை மணிக்கு ஒன்று என்றால் 4. செலவை மிச்சப்படுத்துகிறோம் என்று முனையில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். விடாதீர்கள். செம்பனைக் குலை லாரிக்குப் பின்னால் ஊர்ந்தால், பள்ளி விடும் நேரத்தில் மழை பிடித்தால், தாமதத்தைச் சரிக்கட்ட வேறு வழியே கிடையாது. காலையில் ஐந்து நிமிடம் பிந்தியது மாலைக்குள் ஒரு முழுச் சுற்றையே விழுங்கிவிடும்.

நேரத்தைப் போய்ச் சேரும் முனையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். தொழிற்சாலை ஷிப்ட் 7 மணிக்கென்றால் பேருந்து 6.30-க்கு அங்கே இருக்க வேண்டும். அப்படியானால் தோட்டப்பக்கமிருந்து 5.40-க்குக் கிளம்ப வேண்டும். அதன்பின் 6.40, 7.40 என்று இரவு 8.40 வரை. எல்லா மணியிலும் ஒரே நிமிடத்தில் வந்தால் பாட்டிகூட அட்டவணையை மனப்பாடமாக வைத்திருப்பார், கைப்பேசிச் செயலி தேவைப்படாது.

இது 16 சுற்று, நாளுக்கு 640 கிலோமீட்டர், ஆண்டுக்கு 233,600 கிலோமீட்டர். வேலைச் சட்டப்படி 2023 முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம். இரண்டு பேருந்தும் நாளுக்குத் தலா 16 மணி நேரம் ஓடினால் வாரத்துக்கு 224 மணி நேரம். ஐந்து ஓட்டுநர்கள் கட்டாயம், விடுப்புக்கும் காய்ச்சலுக்கும் ஆறாவது ஆள். மூன்றாவதாக ஒரு மாற்றுப் பேருந்தையும் கேளுங்கள். அது இல்லாத சேவை ஒரு டயர் வெடித்தாலே பாதியாகிவிடும்.

இலவசம் என்ற இரண்டாவது வரிக்கு நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஒரு சுற்றுக்கு 20 பேர், ஆளுக்கு 1 வெள்ளி என்றால் நாளுக்கு 320 வெள்ளி. 640 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால் கிலோமீட்டருக்கு 50 காசு. டீசல், ஆறு சம்பளம், பராமரிப்பு, காப்புறுதி எல்லாம் அதில் அடங்கவே அடங்காது. கட்டணம் வாங்கினாலும் பெரும்பங்கை அரசுதான் போட வேண்டும். இலவசமாக்க அந்த 50 காசுதான் கூடுதல். மூன்று பிள்ளைகளோடு கிளினிக்குக்குப் போய் வரும் தாய்க்கு அதுவே நாலு பேருக்கும் சேர்த்து 8 வெள்ளி. சிலாங்கூரில் 2015 முதல் மாநில அரசின் இலவசப் பேருந்துகள் ஓடுகின்றன. நகரத்துத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) கிடைப்பது தோட்டத்துக்கும் கிடைக்க வேண்டும்.

பேருந்தை நடத்தும் நிறுவனத்துக்கு, ஓட்டிய கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கச் சொல்லுங்கள்; ஓட்டாத சுற்றுக்குப் பிடித்தமும் இருக்க வேண்டும். பயணிகளின் காசை நம்பி ஓட்டச் சொன்னால், ஆளில்லாத மதியச் சுற்றை முதலில் நிறுத்துவார்கள், பிறகு மாலைச் சுற்றை. தோட்டத்துப் பழைய பஸ்கள் இப்படித்தான் தேய்ந்தன.

பலர் கவனிக்காமல் விடுவது சாலை. தோட்டத்துக்குள் இருக்கும் சாலை பெரும்பாலும் தோட்ட நிறுவனத்தின் சொந்த நிலம். பொதுச் சாலையாகப் பதிவாகாததால் அதன் பராமரிப்புக்கு மத்திய அரசின் சாலை மானியமும் வராது. எனவே தோட்ட நிர்வாகியிடம் எழுத்து மூலம் அனுமதி வாங்கி மனுவோடு இணையுங்கள். 12 மீட்டர் பேருந்து ஒரே வீச்சில் திரும்ப ஏறக்குறைய 25 மீட்டர் அகல இடம் வேண்டும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து முன்னால் அது இருக்காது. 7 முதல் 9 மீட்டர் சிறு பேருந்தே பொருந்தும். தாழ்தளப் பேருந்து சக்கர நாற்காலிக்கு நல்லது, ஆனால் தோட்டத்து மேடுகளில் அடிப்பாகம் உரசும். மேடுகளை முன்கூட்டியே சீர்செய்யச் சொல்லுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் நிறுத்தம் பெரிய சாலைச் சந்திப்பில்தான் வரும். அப்போது விளக்கு, கூரை, சாலையைக் கடக்க வழி மூன்றையும் அதே மனுவில் கேளுங்கள்.

கையெழுத்து மட்டும் திரட்டினால் போதாது. “பேருந்து விட்டால் ஏறுவீர்களா?” என்றும் கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். எங்கிருந்து, எங்கே, எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும், எப்போது திரும்புவார், இப்போது எப்படிப் போகிறார், எவ்வளவு செலவு என்று ஆறு கட்டம் போட்ட தாளோடு கிளினிக் வாசலிலும் தமிழ்ப்பள்ளி வாசலிலும் ஒரு வாரம் நில்லுங்கள். தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு மாதாமாதம் போகிறவர்களைத் தனியாக எண்ணுங்கள்.

மனு மலாயில், இரண்டு பக்கம், ஒரு வரைபடம். நகராண்மைக் கழகத்துக்கு ஒன்று, சட்டமன்ற உறுப்பினருக்கு ஒன்று, உரிமம் தரும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டுக்கு ஒன்று. இந்திய சமூகத் தலைவரையும் கையோடு கூட்டிப் போங்கள். பெற்றுக்கொண்ட முத்திரை இல்லாமல் திரும்பாதீர்கள். மாநில வரவு செலவுத் திட்டம் நவம்பர் வாக்கில் தாக்கலாகிறது. ஜூலைக்குள் கொடுத்தால்தான் கணக்கில் ஏற நேரமிருக்கும். உள்ளாட்சிச் சட்டம் 1976, பிரிவு 23-இன்படி கழகத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. பத்துப் பேராகப் போய் உட்காருங்கள்.

மூன்று மாத முன்னோட்டம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பள்ளி விடுமுறையும் பண்டிகையும் கழிந்தால் மக்கள் பழகும் முன்பே முடிந்துவிடும். ஓராண்டு கேளுங்கள். குறைந்தது ஆறு மாதம் அட்டவணையை மாற்றக் கூடாது, மாதந்தோறும் ஓடிய சுற்றும் ஏறிய ஆள் கணக்கும் வெளியாக வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையையும் எழுத்தில் வாங்குங்கள்.