ஓடச் சொல்வதும் நிறுத்தச் சொல்வதும்

ஐயா,

எனக்குக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டு வேலை. மகள் ஏழாம் வகுப்பு. குறுவட்டப் போட்டியில் 600 மீட்டரில் முதலாவது வந்தாள். மகன் போனில் 'கிங் ரிச்சர்ட்' படத்தைப் போட்டுக் காட்டினான். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து இரண்டு பெண்பிள்ளைகளை டென்னிஸில் உலகத்தின் உச்சிக்குக் கொண்டுபோன தகப்பன். அன்று ராத்திரி உறக்கமே வரவில்லை. இப்போது காலையும் சாயங்காலமும் மகளை ஓடவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எந்த கிளப் ரோட்டோட்டம் வைத்தாலும் கூட்டிப்போகிறேன். பத்து கிலோமீட்டர்கூட ஓடிவிட்டாள். முட்டு வலிக்குது என்கிறாள். அவளுடைய அம்மை 'பிள்ளைய கொல்லாதேயும்' என்று தினமும் சண்டை. இப்பம் விட்டால் பிந்திப் போகும் என்று எனக்குப் பயம். அந்த மனுஷனைப் போல நான் உறுதியாக நிற்பது தப்பா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உறுதி தப்பில்லை. குறுவட்டத்தில் ஜெயித்த பிள்ளையைக் கவனிக்க ஒரு ஆள் இருப்பதே பெரிய காரியம். ஆனால் அந்தத் தகப்பன் ரிச்சர்ட் வில்லியம்ஸ் எதில் உறுதியாக நின்றார் என்று இன்னொரு தடவை பாருங்கள்.

மகள்கள் பிறக்கும் முன்பே அவர் எழுதிவைத்த 78 பக்கத் திட்டம், கலிபோர்னியாவில் காம்ப்டன் ஊரின் பொது மைதானங்கள், மழையிலும் நிற்காத பயிற்சி. படம் பார்த்த எல்லோருக்கும் இவைதான் மனதில் நிற்கும். எனக்கு முக்கியமாகப் படுவது 1991இல் நடந்தது. அப்போது மூத்தவள் வீனஸுக்குப் பதினொரு வயது. தெற்குக் கலிபோர்னியாவில் தன் வயதுப் பிரிவில் முதலிடம். அந்த நேரத்தில்தான் தகப்பனார் இரண்டு மகள்களையும் இளையோர் போட்டிகளிலிருந்து மொத்தமாக விலக்கிக்கொண்டார். பயிற்சி நிற்கவில்லை, படிப்பும் நிற்கவில்லை. போட்டி மட்டும் இல்லை. பயிற்சியாளரே தலையில் அடித்துக்கொள்வதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1994 அக்டோபரில் வீனஸ் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கினார். 1999இல் தங்கை செரினா அமெரிக்க ஓப்பன் வென்றார், 2000இல் வீனஸ் விம்பிள்டன். இருவரும் நாற்பது வயதைத் தாண்டியும் ஆடினார்கள்.

அதே காலத்தில் ஜெனிபர் கேப்ரியாட்டி என்ற சிறுமி 13 வயதில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தாள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம். அடுத்த ஆண்டே ஆட்டத்தைவிட்டு ஒதுங்கினாள், 1994இல் போதைப்பொருள் வழக்கில் கைதானாள். பின்னால் மீண்டு வந்து 2001இல் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்றது அவளுடைய மனவலிமை. நடுவில் போன வருடங்கள் போனவைதான். சிறுவயதினர் எத்தனை போட்டி ஆடலாம் என்று பெண்கள் டென்னிஸ் சங்கம் 1995இல் வரம்பு கட்டியதற்கு அவளுடைய கதையும் ஒரு காரணம்.

இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு தோட்டத்துக்குப் போகிறவர் நீங்கள். பால் நன்றாக ஓடுகிறதே என்று ஒரே மரத்தை நாள்தோறும் வெட்டுவீர்களா? பட்டை மரத்துப்போய்ப் பால் நின்றுவிடும் என்றுதானே இடைவெளி விடுகிறீர்கள். பன்னிரண்டு வயது முட்டுக்கும் அந்த இடைவெளி வேண்டும். எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற பருவம் அது. தார் ரோட்டில் பத்து கிலோமீட்டர் அந்தப் பருவத்துக்கு உரிய ஓட்டம் இல்லை. அவள் ஜெயித்தது 600 மீட்டரில்.

இன்னொன்று. நீங்கள் கடிதத்தில் மனைவியைத் தடையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படத்தின் தாய் ஒராசின் ஒரு செவிலியர். தானே டென்னிஸ் கற்றுக்கொண்டு மகள்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். சமையலறையில் அவர் கணவனை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கும் காட்சி இல்லாவிட்டால் அந்தப் படத்தையே நான் நம்பியிருக்க மாட்டேன். பெயர் முழுக்கத் தகப்பனுக்குப் போன வீட்டில் பாதி வேலை தாயினுடையது. உங்கள் வீட்டிலும் முட்டுவலியை முதலில் காதில் வாங்கியவர் அவர்தான்.

இந்த மாதம் ரோட்டோட்டம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கிளப் பையன்கள் வருத்தப்பட்டால் படட்டும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் முட்டுவலியைக் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகு, நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு மகளோடும் மனைவியோடும் போங்கள். தடகளம் சொல்லிக்கொடுக்கும் ஆளைப் பாருங்கள். பள்ளி உடற்கல்வி ஆசிரியரையும் விட்டுவிடாதீர்கள், பிள்ளையின் ஓட்டத்தை முதலில் கண்டவர் அவராகத்தான் இருப்பார். போகும் வழியில் மகளிடம் அவளுக்கு என்ன ஓட்டம் பிடிக்கும் என்று கேளுங்கள். கடிதத்தில் அவளுடைய நேரம், தூரம், வலி எல்லாம் இருக்கின்றன. அவள் ஆசை என்ன என்று ஒரு வரிகூட இல்லை.

டாக்டர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். மாவட்டப் போட்டி நாகர்கோவிலில் நடந்தால் தேதியையும் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்.