அந்தப் பையன் கேட்ட கேள்வி

வணக்கம் சார்,

போன மாதம் எங்கள் அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு பேர் பெரும்பாக்கம் குடியிருப்பில் நடக்கும் ஒரு மாலை நேரப் படிப்பு மையத்துக்குப் போனோம். நோட்டு, கலர் பென்சில், பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு போனோம். போகும் வழியெல்லாம் மனசு கனமாக இருந்தது. கூவம் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் கொண்டுவந்து விடப்பட்ட குடும்பங்கள், சின்ன வீடுகள், வேலை இழந்த அப்பா அம்மாக்கள் என்று நிறைய படித்திருந்தேன். ஆனால் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பும்போது மனசு நிறைய நம்பிக்கை. பிள்ளைகள் பாடினார்கள், ஆடினார்கள், ஆங்கிலத்தில் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். ஒரு சிறுமி கலெக்டர் ஆவேன் என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகு இந்த நம்பிக்கையே உறுத்த ஆரம்பித்தது. அவர்களுடைய கஷ்டம் அப்படியே இருக்கிறது, எனக்கு மட்டும் மனசு லேசாகிவிட்டது. இது சரிதானா? கிளம்பும்போது ஆறாவது படிக்கிற பையன் ஒருவன், "அடுத்த வாரமும் வருவீங்களா, இல்ல போட்டோ எடுத்துக்கினு போயிடுவீங்களா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. நான் மறுபடி போகலாமா, வேண்டாமா?

அன்புடன்,
கே., மேடவாக்கம்

அன்புள்ள கே.,

நம்பிக்கை வந்ததில் எந்தத் தவறும் இல்லை. அது எதைப் பார்த்து வந்தது என்பதைத்தான் யோசிக்க வேண்டும். பாட்டும் ஆட்டமும் விருந்தாளிகளுக்காக. யார் வந்தாலும் அந்தப் பிள்ளைகள் பாடுவார்கள். கலெக்டர் ஆவேன் என்பதும் வந்தவர்கள் மனம் குளிர்வதற்காகச் சொன்னதாக இருக்கலாம். அதைக் கேட்டு மனசு லேசானால் பிறகு உறுத்தத்தான் செய்யும். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்தது, நீங்கள் கூச்சத்தோடு கடைசியில் எழுதியிருக்கும் அந்தப் பையனின் கேள்வி.

பிஸ்கட் கொடுத்தவரிடமே கணக்குக் கேட்கிறான் பாருங்கள்! எதுவும் நிலைக்காது என்று முடிவு கட்டிவிட்ட குழந்தை அப்படிக் கேட்காது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு, தாங்க்ஸ் சொல்லிவிட்டுப் போய்விடும். இவன் கேட்கிறான் என்றால், வருகிறேன் என்று சொல்லி நிஜமாகவே திரும்ப வருகிற யாரோ ஒருவரை அவனுக்கு ஏற்கெனவே தெரியும். அவரோடு ஒப்பிட்டுத்தான் உங்களை அளக்கிறான்.

அந்த வட்டாரத்தில் இதேபோல இன்னொரு மையத்துக்கு நான் அவ்வப்போது போவதுண்டு. தரைத்தளத்தில் ஒரு அறை, சுவரில் ஒரு கரும்பலகை, உட்கார கோரைப்பாய். அதை நடத்தும் அக்காவுக்கு நீங்கள் சொன்ன கதைதான். ஆற்றங்கரையில் இருந்த வீடு 2015 வெள்ளத்துக்குப் பிறகு போய், குடும்பத்தோடு இங்கே வந்தவர். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் அரசு, தன்னார்வலர்கள் வீட்டருகே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கியதே, அதில் தன்னார்வலராகச் சேர்ந்தார். அப்போது மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். இப்போது அதுவும் இல்லை. மாலை 5 மணிக்குக் கதவு திறப்பது மட்டும் நிற்கவில்லை.

அவரிடம் ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. வந்த பிள்ளைகளுக்கு டிக். வராத பிள்ளைகளுக்கு எதிரே காரணம் எழுதுவார். 'தம்பியப் பாத்துக்கணும்', 'அம்மாவுக்கு நைட் வேலை', 'தண்ணி புடிக்கப் போயிட்டான்', 'ஊருக்கு'. காரணம் தெரியாமல் இரண்டு நாள் காலியாக இருந்தால் மூன்றாம் நாள் வீடு தேடிப் போய்விடுவார். அங்கே எல்லாம் எட்டு மாடிக் கட்டடங்கள். லிப்ட் நின்ற நாளில் ஆறாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறிப்போய், "பாப்பா ஏன் வரல?" என்று கேட்டுவிட்டு இறங்குவார். திட்ட மாட்டார், புத்தி சொல்ல மாட்டார். கேட்பதோடு சரி. வராவிட்டால் யாரோ படியேறி வந்து கேட்பார்கள் என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். மையத்தில் இருக்கும் புத்தகங்களையும் கலர் பென்சில்களையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அங்கே பிள்ளைகள் பேசுவதில் பாதி புகார். "நேத்து ஏன் மிஸ் லேட்டா தொறந்தீங்க?" "அவனுக்கு மட்டும் புது புக்கு." "ஸ்கூல்ல இன்னைக்கும் உப்புமாதான்." இந்த உப்புமா புகார் எனக்கு மிகவும் பிடித்தது. நாளைக்கும் சாப்பாடு வரும் என்று தெரிந்த குழந்தைதான் இன்றைய உப்புமாவைக் குறை சொல்லும். அந்தத் தைரியம் வருவதற்கு இந்த ஊருக்கு நூறு வருஷம் ஆகியிருக்கிறது. 1920 செப்டம்பரில், பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் மதியம் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானம் போட்டது. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. 1950களில் காமராஜர் மறுபடி தொடங்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். அப்புறம் முட்டை வந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. நடுவில் நின்றதும் உண்டு, யாரோ திரும்ப எடுத்துச் செய்ததும் உண்டு.

கஷ்டம் அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், அதை மறைத்துப் பேச நான் தயாராக இல்லை. பள்ளி ஆண்டின் நடுவில் வீடுகளை இடித்துக் குடும்பங்களை இங்கே ஏற்றி அனுப்பியது பெரிய கொடுமை. பழைய பள்ளிக்கே பஸ் மாறி மாறிப் போய்வந்து, ஒரு கட்டத்தில் முடியாமல் நின்றுவிட்ட பிள்ளைகள் எத்தனையோ பேர். இதேபோல இடம் மாற்றப்பட்ட குடும்பங்கள் வாழும், பக்கத்தில் உள்ள கண்ணகி நகர் முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று இளைஞர்கள் சொல்வதைப் பல வருஷமாகக் கேட்டுவருகிறோம். அதே கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இருந்தார். ஊரே கொண்டாடியது, நானும் கொண்டாடினேன். ஆனால் பதக்கம் வாங்காமல் தினமும் அதே தெருக்களில் கபடி ஆடிவிட்டுப் பள்ளிக்குப் போகிற மற்றப் பெண்களையும் பார்க்க வேண்டும். அவர்களை விளையாட அனுப்பும் அம்மாக்களையும்தான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போங்கள். வாரா வாரம் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களால் முடியாது, உங்கள் வேலை அப்படி. முடிந்த தேதியை மட்டும் சொல்லுங்கள், அந்தத் தேதியில் போய் நில்லுங்கள். அந்தப் பையனிடமும் இதை நேராகச் சொல்லிவிடலாம், அவனுக்குப் புரியும். பிஸ்கட்டும் போட்டோவும் வேண்டாம்.

அங்கே தினமும் இருப்பவர்கள் செய்ய முடியாத ஒரு வேலை உங்களால் ஆகும். மே மாதம் ப்ளஸ் டூ முடிவு வரும்போது அந்தக் கட்டடங்களில் பெரிய குழப்பம். எல்லா விண்ணப்பமும் ஆன்லைன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே கட்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் சான்றிதழ் வாங்க வேண்டும். இதெல்லாம் வீட்டில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. போன் எண் மாறியிருக்கும், ஆதாரில் ஒரு எழுத்து தப்பாக இருக்கும், வருமானச் சான்றிதழ் பழைய முகவரியில் இருக்கும். இந்த மாதிரி ஒரு எழுத்துப் பிழைக்காகவே ஒரு வருஷத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

உங்கள் பன்னிரண்டு பேரில் நாலு பேர் லேப்டாப்போடு சில சனிக்கிழமைகள் அந்த மையத்தில் உட்கார்ந்தால் போதும். முதலில் அங்கே நடத்துபவரிடம் கேளுங்கள், எந்தெந்த வீட்டில் ப்ளஸ் டூ பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். சான்றிதழ் வேலையை மட்டும் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள், மே மாதம் இ-சேவை மையங்களில் கூட்டம் தாங்காது. தேதி முடிவானதும் எழுதுங்கள். நானும் வருகிறேன்.