பதில்: அரிசி மூட்டையிலும் புளிப்பானையிலும் ஒரே வண்டா?

வணக்கம். தேவகோட்டை வீட்டில் அரிசி, கோழிக்கு வைத்த மக்காச்சோளம், கொட்டை எடுக்காத புளி மூன்றிலும் நீண்ட மூக்குள்ள வண்டு இருப்பதாகவும், சோளத்தில் இருப்பது சற்றுப் பெரியது என்றும் எழுதியிருந்தீர்கள்.

புளி வண்டைப் பிரிப்பது எளிது. உடல் ஒடுங்கி, செம்பழுப்பாக, புள்ளியின்றி இருந்தால் அது சைட்டோபிலஸ் லீனியாரிஸ். அது வளர்வது புளியங்கொட்டைக்குள். அரிசிக்கு அதனால் ஆபத்தில்லை. கொட்டையை நீக்கிவிட்டுப் புளியைச் சேமியுங்கள்.

மற்ற இரண்டுதான் கடினம். அரிசி வண்டான சைட்டோபிலஸ் ஒரைசே, சோள வண்டான சைட்டோபிலஸ் சியாமைஸ் இரண்டுக்கும் இறக்கை உறையில் நான்கு செம்மஞ்சள் புள்ளிகள் உண்டு. இரண்டும் பறக்கும், இரண்டும் அரிசியையும் சோளத்தையும் தின்னும். தயவுசெய்து அளவை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பெரிய மணிக்குள் வளரும் அரிசி வண்டும் பெரிதாகிவிடும்.

நல்ல லென்ஸில் தலைக்குப் பின்னுள்ள கவசத்தைப் பாருங்கள். நடுவே குழிகளற்ற மெல்லிய நீளக்கோடு தெரிந்தால் பெரும்பாலும் ஒரைசே. குழிகள் நடுவிலும் நெருங்கியிருந்தால் சியாமைஸ். இதுவும் சில சமயம் ஏமாற்றும். உறுதியான சான்று ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பில்தான் இருக்கிறது: ஒரைசேயில் அதன் மேற்பரப்பு வழவழப்பு, சியாமைஸில் இரண்டு நீளப் பள்ளங்கள். மூக்கு குட்டையாகவும் தடித்தும் சொரசொரப்பாகவும் இருப்பது ஆண். அப்படிச் சிலவற்றைப் பொறுக்கிச் சாராயக் கரைசலில் போட்டு, காரைக்குடியில் நுண்ணோக்கி உள்ள கல்லூரி விலங்கியல் துறையில் காட்டுங்கள்.